ஒரே வாத்தியார், இரண்டு கிளாரினெட்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு கிளாரினெட் டூயட், அதாவது அந்த ஊதுகுழல் வாத்தியத்தை இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது பற்றிப் பேசப்போகிறேன். அதிலும் மேற்கத்திய செவ்வியல் இசையும் ஜாஸும் கைகோத்து வரும் டூயட். இது ஏதோ சமீபத்திய ஃப்யூஷன் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் வேர் நூறு வருடத்துக்கு முந்தைய சிகாகோவில் இருக்கிறது.

அங்கே ஃபிரான்ஸ் ஷோப் என்று ஒரு வாத்தியார். சொல்லிக்கொடுத்தது சுத்தமான செவ்வியல் பாடம். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம்: பாடம் முடிந்த பையனை உடனே அனுப்ப மாட்டார். அடுத்து வரும் மாணவனோடு சேர்த்து டூயட் வாசிக்க வைப்பார். அப்படி ஜோடி சேர்ந்தவர்கள்தான் பென்னி குட்மனும் பஸ்டர் பெய்லியும். குட்மன், ஏழை யூதத் தையல்காரரின் மகன். பெய்லி, மெம்ஃபிஸிலிருந்து வந்த கறுப்பின இளைஞர், ஏழு வயது மூத்தவர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது! இருவருமே பிறகு ஜாஸில் பெரிய ஆட்களானார்கள். எனக்கு இந்தத் தகவல் அவ்வளவு பிடிக்கும்.

சரி, டூயட்டில் அப்படி என்ன விசேஷம்? வயலினும் கிளாரினெட்டும் சேர்ந்தால், குரலே வேறு என்பதால் பாணி வேறுபாடு அதற்குள் மறைந்துவிடும். இரண்டும் கிளாரினெட் என்றால் ஒளிய இடமில்லை.

இதை வாசித்துக் காட்டுகிறேன், கேளுங்கள். செவ்வியலில் நான்கு ஸ்வரங்கள் சம அளவில் வரும்: த க த க. அதே நான்கை ஜாஸ்காரர் வாசித்தால் முதலாவது நீளும், இரண்டாவது குறுகும்: தா...க தா...க. இதைத்தான் ஸ்விங் என்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்தால் குழப்படிதான். அதனால் விஷயம் தெரிந்தவர் எழுதும்போது ஒருவருக்கு நீண்ட ஸ்வரங்களைக் கொடுத்து, மற்றவரை அதன் மேல் ஸ்விங் செய்ய விடுவார். அப்புறம் இடம் மாற்றுவார். இப்படிப்பட்ட டூயட்டில் பாதிக்கு மேல் இந்த விட்டுக்கொடுத்தல்தான்.

இன்னொன்று, குரலின் நடுக்கம், அதாவது விப்ராட்டோ. செவ்வியல் கிளாரினெட்டில் பெரும்பாலும் நேரான குரல்தான், ஜாஸில் தாராளமாக நடுங்கும். ஆனால் இங்கிலாந்தின் ரெஜினால்ட் கெல், செவ்வியல்காரராக இருந்தும் நடுக்கத்தோடு வாசித்தவர். 1949-இல், உலகப் புகழோடு இருந்த குட்மன், நாற்பது வயதில் இவரிடம் போய் மாணவராகச் சேர்ந்தார். அதுவரை மேல்பற்களை மௌத்பீஸில், அதாவது வாயில் வைத்து ஊதும் முனையில், பதித்து வாசித்தவர், இரண்டு உதடுகளாலும் பிடிக்கும் முறைக்கு மாறினார். வாய்ப்பிடியை மாற்றுவது சாதாரண வேலையில்லை. பல வருடம் பழகிய தசைகள் எல்லாம் திரும்ப ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடத்தில் இருப்பவர் அதைச் செய்ய முன்வந்தது எனக்குப் பெரிய விஷயம்.

கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு: பிரெஞ்சுக்காரர் பிரான்சிஸ் பூலாங்க், 1918-இல், பத்தொன்பது வயதில் எழுதிய இரண்டு கிளாரினெட்டுக்கான சொனாட்டா. சின்னதுதான். ஒருவர் பி-ஃப்ளாட் கிளாரினெட், மற்றவர் ஏ கிளாரினெட்; சுருதி சற்றே வேறான இரண்டு வகைகள். இது ஜாஸ் இல்லை, ஆனால் தாளத்தில் ஒரு துடுக்குத்தனம் உண்டு. அதே பூலாங்க் கடைசிக் காலத்தில் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டாவை, அவர் இறந்தபின் 1963-இல் நியூயார்க்கில் முதன்முதலாக வாசித்தவர் நம் குட்மன்தான், பியானோவில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன்.

டூயட்டை இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை மேல்குரலை விட்டுவிட்டு, கீழ்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.