பத்து மணிக்குள் ஓடி முடிக்க வேண்டிய ஊர்

வணக்கம். இந்த வானொலி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவர்கள், "ஓடுறதைப் பத்திப் பேசுங்க, ஆனா எடை குறைக்கிறதைப் பத்தி வேண்டாம், அதை வாரா வாரம் யாராவது பேசிடறாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது வசதிதான். ஆறு வருடமாக ஓடியும் எனக்குக் குறைந்தது இரண்டு கிலோ, அதுவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் திரும்பி வந்துவிடுகிறது.

அதனால் ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஹீல்ட்ஸ்பர்க். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 110 கிலோமீட்டர், சொனோமா கவுன்டியில், 11,000 பேர் சொச்சம் இருக்கிற சின்ன ஊர். நம் ஆட்கள் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாபாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கோட்டை மாதிரி வைனரி முன்னால் நிறுத்திப் படம் எடுத்துத் திரும்பிவிடுவார்கள், இந்தப் பக்கம் வருவது குறைவு. நான் இருப்பது சாண்டா ரோசாவில், காரில் இருபது நிமிடம், அதனால் சனிக்கிழமை விடியற்காலை என்றால் எனக்கு இந்த ஊர்தான்.

இந்த ஊரின் வசதி என்னவென்றால் மூன்று வைன் பள்ளத்தாக்குகள் இதன் வாசலில் வந்து சேர்கின்றன. வடமேற்கே டிரை கிரீக், வடகிழக்கே அலெக்சாண்டர், தெற்கே ரஷ்யன் ரிவர். ஊர் நடுவில் பிளாசா என்று ஒரு சதுக்கம், ஓங்கிய ரெட்வுட் மரங்களும் பனை வகைகளும் நிற்கிற ஒரு சின்னப் பூங்கா, அங்கே காரை விட்டுவிட்டால் எந்தத் திசையில் ஓடினாலும் கொஞ்ச நேரத்தில் கொடிகளுக்கு நடுவில் இருப்பீர்கள்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஃபிட்ச் மலையைச் சுற்றுகிற பாதை. மலை என்றால் பயப்பட வேண்டாம், உச்சியே 300 மீட்டர்தான், நாம் அதன் மேல் ஏறப்போவதும் இல்லை. பிளாசாவிலிருந்து மேத்திசன் தெருவில் கிழக்கே போனால் அந்தத் தெருவே மலையைச் சுற்றுகிற சாலையாக மாறிவிடும். ரஷ்யன் ஆறு மூன்று பக்கமும் மலையை வளைத்துக்கொண்டு போகிறது, ஒரு கையில் மலை, ஒரு கையில் ஆறு, மேலே முழுக்க மர நிழல். சாலை குறுகல், வளைவுகள் நிறைய, ஆற்றைப் பார்த்தபடி சின்னச் சின்ன வீடுகள். மெதுவாக ஓடுகிற எனக்கே ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம்.

அந்த மலையின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, ஓடும்போது நினைத்தால் சிரிப்பு வரும். ஹென்றி ஃபிட்ச் ஒரு கப்பல் தலைவர். சான் டியேகோவில் ஹோசெஃபா கரியோ என்ற பெண்ணைக் கல்யாணம் செய்யப் போனபோது கவர்னர் தடுத்துவிட்டார், இருவரும் கப்பலில் ஓடிப்போய் 1829இல் தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வல்பரைசோவில் கல்யாணம் செய்துகொண்டார்கள். திரும்பி வந்ததும் தேவாலயம் விசாரணை வைத்து, கல்யாணம் செல்லும், ஆனால் பரிகாரமாக லாஸ் ஏஞ்சல்ஸ் கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் கொடு என்று தீர்ப்பு சொன்னது. இந்த இடத்தில் பெரிய நிலம் அவருக்கு மானியமாகக் கிடைத்தது 1841இல். ஆனால் அவர் இங்கே குடியிருக்கவே இல்லை, சைரஸ் அலெக்சாண்டர் என்ற ஆளை வைத்துப் பார்த்துக்கொண்டார். முதலாளி பெயர் மலைக்கு, மேனேஜர் பெயர் பள்ளத்தாக்குக்கு. எது பெரியது என்று நேரில் பார்த்துச் சொல்லுங்கள். இத்தனைக்கும் முன்னால் இது போமோ, வாப்போ மக்களின் நிலம், அவர்கள் பெயரில் மலையும் இல்லை பள்ளத்தாக்கும் இல்லை.

சரி, எனக்கு உயிரான பாதைக்கு வருகிறேன். டிரை கிரீக் சாலையில் வடமேற்கே போய், லாம்பர்ட் பாலத்தில் ஓடையைத் தாண்டி, மேற்கு டிரை கிரீக் சாலையில் தெற்கே இறங்கி, வெஸ்ட்சைட் சாலை பிடித்து ஊருக்குள் வருவது. 15 கிலோமீட்டருக்கு மேல் வரும். போகிற வழியில் வண்டி கொஞ்சம் அதிகம், ஆனால் ஓரம் அகலமாக இருக்கிறது. பாலத்துக்கு முன்னால் 1881இலிருந்து நடக்கிற ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது, டிரை கிரீக் ஜெனரல் ஸ்டோர், அதன் வாசல் பெஞ்சில்தான் என் வீட்டுக்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து காத்திருப்பதாகப் பேச்சு. காத்திருப்பார், கையில் ஒரு சாண்ட்விச் இருக்கும், தண்ணீர் காரிலேயே இருக்கும்.

டிரை கிரீக் என்றால் வறண்ட ஓடை. ஆனால் ஆகஸ்டில் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் கீழே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மேலே 1980களின் தொடக்கத்தில் அணை கட்டி சொனோமா ஏரி வந்த பிறகு, ஊர்களின் குடிநீருக்காகக் கோடையிலும் திறந்து விடுகிறார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

பாலம் ஒற்றைவழி இரும்புப் பாலம். அதைத் தாண்டி மேற்குக் கரைச் சாலையில் திரும்பினால் சத்தமே அடங்கிவிடும். நான் கம்பம் பக்கத்துப் பெண், அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே திராட்சை. எங்கள் ஊரில் திராட்சை என்றால் தலைக்கு மேல் பந்தல், அடியில் குனிந்து நடப்போம். முதல் தடவை ஒரு ஜனவரியில் இங்கே ஓடியபோது பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை, இடுப்பு உயரத்துக்குக் கருகருவென்று முறுக்கிக்கொண்ட கட்டைகள் வரிசையாக நிற்கின்றன, தோட்டம் தீயில் போய்விட்டது போல என்று நினைத்து மனசு கஷ்டப்பட்டேன். அவைதான் பழைய ஜின்ஃபண்டெல் கொடிகள். சிலவற்றுக்கு நூறு வயது தாண்டிவிட்டது, ஒவ்வொன்றையும் குட்டி மரம் மாதிரி தனியாக நிற்க வளர்த்திருப்பார்கள், குளிர்காலத்தில் ஓர் இலை இருக்காது. கம்பத்தில் வருடம் முழுக்க எங்கேயாவது அறுப்பு நடக்கும், இங்கே வருடத்துக்கு ஒரே அறுவடைதான், அதனால் ஒரே சாலையில் ஓடினாலும் மாசத்துக்கு ஒரு சாலை மாதிரி இருக்கும்.

பிப்ரவரியில் வரிசைகளுக்கு நடுவே கடுகு பூத்து முழுக்க மஞ்சள். எல்லாரும் படம் எடுக்க வருவது அப்போதுதான், எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த மாதம். கொடி துளிர்க்கிற நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்த வருட விளைச்சலே போய்விடும். ஒரு மார்ச் மாத விடியற்காலை, இன்னும் இருட்டு, ஹெலிகாப்டர் தாழப் பறப்பது மாதிரி சத்தம் வந்து நான் பயந்து நின்றுவிட்டேன். பார்த்தால் தோட்டத்து நடுவில் கம்பத்தின் உச்சியில் ஒரு பெரிய விசிறி சுற்றுகிறது, மேலே இருக்கிற கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுவதற்காக. இன்னும் கொஞ்ச தூரத்தில் வேறொரு தோட்டத்தில் தண்ணீர் தெளிப்பான்கள் ஓடுகின்றன, ஒவ்வொரு துளிரைச் சுற்றியும் கண்ணாடிக் குப்பி போல பனிக்கட்டி. எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் தண்ணீர் உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை விடும், அந்த வெப்பத்தில்தான் உள்ளே துளிர் பிழைக்கிறது. தலைவிளக்கை அதன் மேல் அடித்துப் பார்த்தேன், உள்ளே ரோஸ் ஓரம் வைத்த குட்டி இலை மடங்கி இருந்தது.

மே, ஜூனில் காற்றில் லேசாகத் தீக்குச்சி வாசனை வந்தால் உடனே வேறு சாலைக்குத் திரும்பிவிடுங்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடித்திருப்பார்கள், இரவிலும் விடியற்காலையிலும்தான் அடிப்பார்கள், வியர்வையோடு கண்ணில் இறங்கினால் வீடு போய்ச் சேரும் வரை எரியும். திராட்சைக்காரர் மகளான நானே ஒரு தடவை அசட்டையாக அதற்குள் ஓடிவிட்டேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்புறம், நேரம். இங்கே வைனை ருசி பார்க்கக் கொடுக்கிற டேஸ்டிங் ரூம்கள் காலை பத்து, பத்தரை, பதினோரு மணிக்குத் திறக்கின்றன. மத்தியானத்துக்கு மேல் அந்தக் குறுகிய சாலைகளில் கார் ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் மூன்றாவது வைனரியிலிருந்து நான்காவதற்குப் போகிறார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கு டிரை கிரீக்கிலும் வெஸ்ட்சைட் சாலையிலும் பல இடங்களில் ஓரமே கிடையாது, வெள்ளைக் கோட்டை ஒட்டிப் பள்ளம். அதனால் பத்து மணிக்குள் பிளாசாவுக்குத் திரும்பிவிட வேண்டும், இதில் நான் கறார். இடது பக்கமாக, வண்டி எதிரே வருகிற மாதிரி ஓடுங்கள், நம் ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கம் போனால் வண்டி முதுகுக்குப் பின்னால்தான் வரும், இங்கே அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத வளைவு வந்தால் கௌரவம் பார்க்காமல் நடந்து, காதை விட்டுக் கேட்டு, பிறகு ஓடலாம். காதில் பாட்டு வேண்டாம். வானொலியும் வேண்டாம், மன்னிக்கவும்.

காலையில் ஓட இன்னொரு காரணம் மூடுபனி. கோடையில் பிற்பகல் 35 டிகிரி போகிற அதே நாளில் விடியற்காலை 10, 12 டிகிரி இருக்கும், பசிபிக் கடலின் பனி ஆற்றின் வழியாக உள்ளே ஏறி வந்து படுத்துக்கொள்கிறது. ரஷ்யன் ரிவர் பக்கம் பினோ நுவார் என்ற வைன் திராட்சை நன்றாக வருவதற்கு இந்தக் குளிர்தான் காரணம். எனக்கு அந்த வைனின் அருமை தெரியாது, ஆனால் மூச்சு வாங்காமல் மேடு ஏறுவதன் அருமை தெரியும்.

மண்பாதை வேண்டுமென்கிறவர்களுக்குச் சொனோமா ஏரி. அங்கே 2008இலிருந்து ஏப்ரலில் 50 மைல் ஓட்டம் வைத்துப் பேர் வாங்கினார்கள், ஏற்றம் மட்டும் மொத்தம் 10,000 அடிக்கு மேல். நான் அதில் ஓடவில்லை, ஓடுகிறவர்களுக்குக் கை தட்டியிருக்கிறேன். அந்தப் பாதைகளில் மூன்று மூன்று இலையாகப் பாய்சன் ஓக் செடி இருக்கும், உரசினால் இரண்டு வாரம் சொறிய வேண்டியதுதான், முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன் காற்றுத் தரத்தைப் பாருங்கள். 2019 அக்டோபரில் கின்கேட் தீ வந்தபோது இந்த ஊர் மொத்தத்தையும் காலி செய்தார்கள். அடுத்த வருடமே ஆகஸ்டில் மேற்குப் பக்கத்து மலைகளில் வால்பிரிட்ஜ் தீ. அதற்கப்புறம் கொஞ்ச நாள் மேற்குக் கரைச் சாலையில் ஓடும்போது இடது கைப் பக்கம் பச்சைக் கொடி, வலது கைப் பக்கம் தொலைவில் கருகிய மலை முகடு என்று இருந்தது.

அந்தச் செப்டம்பர் ஓட்டங்களில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். காலை ஐந்து மணி இருக்கும். வெஸ்ட்சைட் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் திருவிழா மாதிரி வெள்ளை விளக்கு, டிராக்டர் சத்தம். பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே பறித்தால்தான் வைனுக்கு நல்லது என்பதால் ராத்திரியிலேயே அறுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், நெற்றியில் விளக்கு, கையில் வளைந்த சின்னக் கத்தி, கொடியைப் பார்க்காமலேயே கை போய்க் குலையை அறுத்துக் கூடையில் போடுகிறது. கூடை நிறைந்ததும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு டிராக்டர் தொட்டி வரை ஓடுகிறார்கள். நடக்கவில்லை, ஓடுகிறார்கள், ஈர மண்ணில், பூட்ஸோடு, பதினைந்து கிலோவுக்குக் குறையாது. பறித்த எடைக்குத்தான் கூலி. கொட்டிவிட்டுத் திரும்பியும் ஓட்டம்தான்.

நான் நூற்று எண்பது டாலர் ஷூ போட்டுக்கொண்டு வேலி ஓரம் நின்றிருந்தேன். நடுவயதுக்காரர் ஒருவர் கூடையைக் கொட்டிவிட்டு என்னைப் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ கேட்டார், பக்கத்தில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான்: "உங்களை யார் துரத்துகிறார்கள் என்று கேட்கிறார்."

யாரும் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடினார்.