மரக் கேட் தரையை உரசுதா? அடியை மட்டும் இழைக்காதீர்கள்

(காட்சி: மரக் கேட் சிமெண்டுத் தரையில் கரகரவென்று உரசுகிறது.)

வணக்கம். இந்தச் சத்தம் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து வருகிறது. தரையில் கால்வட்டமாகக் கீறல் விழுந்திருக்கிறது, பாருங்கள். இங்கே செப்டம்பர், அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் மரம் ஊறிக் கனத்துவிடும். சரியாகத் தீபாவளிக்கு முன்னால்தான் கேட் மக்கர் பண்ணும்.

இழைப்புளியை எடுத்து அடியைச் சீவிவிடலாமே என்று தோன்றும். போன வருடம் நானும் அதைத்தான் செய்தேன். ஜனவரி வெயிலில் மரம் காய்ந்ததும், பக்கத்து வீட்டுப் பூனை கீழே தலை நுழைத்துப் பார்க்கும் அளவுக்குச் சந்து விழுந்தது. தொங்கல் மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம். தாழ்ப்பாள் பக்கத்து முனையைக் கையால் மெல்லத் தூக்குங்கள். எது அசைகிறது?

கீல் அசைந்தால் ஸ்குரு தளர்ந்திருக்கிறது. பழைய ஓட்டையில் எவ்வளவு முறுக்கினாலும் அது சும்மா சுற்றும். மீ (நூடுல்ஸ்) கடையில் தரும் மரச் சாப்ஸ்டிக்கை உடைத்து, மரப் பசை தடவி, ஓட்டையில் இறுக்கமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு ராத்திரி காயட்டும். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, சிறு துளை போட்டு, முன்னதைவிட நீளமான ஸ்குருவை ஏற்றுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே வாங்குங்கள்.

தூண் அசைந்தால், மண்ணை ஒட்டிய இடத்தில் ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் கரையானோ உளுப்போதான். தூணையே மாற்ற வேண்டும். அதற்கு ஆளைக் கூப்பிடுவது நல்லது.

இரண்டும் அசையவில்லை, சட்டத்தின் மூலைதான் வாய் பிளக்கிறதா? எங்கள் கேட்டுக்கு அதுதான். அகலம் 1 மீட்டர், உயரம் 1.2 மீட்டர். மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தேன். ஒன்று 158 செ.மீ., இன்னொன்று 154. சட்டம் நேராக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

(காட்சி: கேட்டின் மேல் சாக்கட்டியால் இரண்டு குறுக்குக் கோடுகள்.)

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மரக்கட்டையைக் குறுக்கே அடிப்பதாக இருந்தால், கீல் பக்கத்து அடி மூலையில் தொடங்கி, தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்குப் போக வேண்டும். கட்டை கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கும். திருப்பி அடித்தால் பாரம் முழுக்க ஆணிமேல் விழும்; நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வரும். கட்டைக்குப் பதிலாகக் கம்பி போட்டால் நேர் எதிர்த் திசை: கீல் பக்கத்து மேல் மூலையில் இருந்து தாழ்ப்பாள் பக்கத்து அடி மூலைக்கு. கம்பி இழுக்கத்தான் செய்யும், முட்டுக்கொடுக்காது.

நான் கம்பியைத்தான் எடுத்தேன். நடுவில் டர்ன்பக்கிள் இருக்கும்; அதைச் சுற்றினால் கம்பி இறுகும். ஹார்ட்வேர் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தாழ்ப்பாள் பக்கத்துக்கு அடியில் ஆப்பு செருகி, இரண்டு அளவும் ஒத்துவரும்வரை தூக்கிவைத்தேன். பிறகு கம்பியை மாட்டி, அரைச்சுற்று, அரைச்சுற்றாக முறுக்கினேன். அவசரப்பட்டால் சட்டம் மறுபக்கம் கோணிவிடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு அரைச்சுற்று கொடுத்தேன்.

(காட்சி: ஒரே விரலால் தள்ளியதும் கேட் சத்தமில்லாமல் மூடுகிறது.)

தரையில் அந்தக் கீறல் மட்டும் இருக்கிறது. அதன்மேல் கோலம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் அம்மா.