கையில 240 கிரெடிட் இருக்கு, அமெரிக்காவில் அது எவ்வளவு? பாதியில் கல்லூரி மாறுவது எப்படி

[திரையில் 240 என்ற எண் மட்டும். பின்னணியில் கல்லடிப் பாலத்துப் போக்குவரத்துச் சத்தம்.]

கல்முனையில் இருந்து ஒரு தம்பி போன வாரம் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். "அக்கா, என்ட எச்என்டியில 240 கிரெடிட் இருக்கு. அமெரிக்காவில டிகிரி முடிக்கவே 120 கிரெடிட்தான் வேணுமாம். அப்ப நான் ரெண்டு டிகிரி முடிச்ச கணக்கா?"

வணக்கம். எச்என்டி என்றால் உயர் தேசிய டிப்ளோமா. இந்தக் கேள்வியை மூன்று தரம் கேட்டேன். தம்பி சொன்ன எண்களில் பிழை இல்லை. 240 சரி, 120உம் சரி. ஆனாலும் அவனிடம் ரெண்டு டிகிரி இல்லை, ஒரு டிகிரியும் இல்லை. அவனிடம் இருப்பது அதிகபட்சம் பாதி டிகிரி. அதே தாளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனால் மூன்றில் இரண்டு பங்கு டிகிரி. ஒரே தாள், ஒரே பையன், இரண்டு விலை! ஏன் என்று இந்த வீடியோவில் பார்ப்போம். நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடைசிப் பகுதியில் ஒரு உறையைக் காட்டப் போகிறேன், அதைப் பார்க்காமல் யாரும் விண்ணப்பம் போடக் கூடாது.

முதலில் சொல் விளக்கம். ட்ரான்ஸ்பர் என்றால் நம்ம ஊரில் டீச்சர்மாருக்கு வருகிற இடமாற்றம்தான் ஞாபகம் வரும். இங்கே நான் சொல்வது வேறு: ஒரு கல்லூரியில் கொஞ்சம் படித்துவிட்டு, அந்தப் படிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு கல்லூரியில் நடுவில் போய்ச் சேருவது. உயர்தரம் மட்டும் முடித்தவர் ட்ரான்ஸ்பர் மாணவர் ஆக மாட்டார், அவர் முதலாம் வருட விண்ணப்பதாரர். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு ஒரு கம்பஸிலோ கல்லூரியிலோ பதிந்து பாடம் எடுத்திருந்தால்தான் இந்தப் பெயர். எத்தனை பாடம் எடுத்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அமெரிக்காவில் இது மிகச் சாதாரணமான வழி. பராக் ஒபாமா 1979இல் கலிபோர்னியாவில் ஆக்சிடென்டல் என்ற சின்னக் கல்லூரியில்தான் சேர்ந்தார். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு 1981இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார், 1983இல் அங்கே பட்டம் பெற்றார். அவரை யாராவது "பாதியில் விட்டவர்" என்று சொல்கிறார்களா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990இல் இந்தக் கதவை மூடிவிட்டு, 2018இல்தான் மறுபடி திறந்தது. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கோ ஒவ்வொரு வருடமும் கொமியூனிட்டி கொலேஜ் என்கிற இரண்டு வருடக் கல்லூரிகளில் இருந்து மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இரண்டு வருடம் செலவு குறைந்த கல்லூரி, அடுத்த இரண்டு வருடம் பெரிய பல்கலைக்கழகம். பட்டச் சான்றிதழில் கடைசியாகப் படித்த இடத்தின் பெயர்தான் இருக்கும்.

சரி, பின்னணி போதும். தம்பியின் 240க்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

[திரையில்: நெல் மூடைகள் அடுக்கிய லொறி]

சம்மாந்துறைப் பக்கம் அறுவடை நேரத்தில் நெல் வாங்க வியாபாரி வருவார். வந்ததும் "மூடை இவ்வளவு ரூபாய்" என்று விலை சொல்வார். அனுபவப்பட்ட வயல்காரப் போடியார் அந்த விலைக்கு உடனே தலையாட்ட மாட்டார். அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை கிலோ மூடை?" மூடை என்ற பெயர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் நெல் இடத்துக்கு இடம், வியாபாரிக்கு வியாபாரி வேறு. கிலோ தெரியாமல் மூடை விலையை ஒப்பிட்டால் நட்டம் நமக்கு.

கிரெடிட்டும் மூடைதான். சாதாரண தரத்தில் சி எடுத்தால் வருகிற திறமைச் சித்தியையும் நாம் கிரெடிட் என்று சொல்கிறோம், அதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தக் கிரெடிட் என்பது நீங்கள் எவ்வளவு நேரம் படித்தீர்கள் என்பதற்கான அளவை.

இங்கிலாந்து மூடையில் 10 மணித்தியாலப் படிப்பு இருக்கிறது. இலங்கையின் தேசியத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம். ஐரோப்பாவில் 25 முதல் 30 வரை. அமெரிக்காவில் வாரத்துக்கு ஒரு மணித்தியால வகுப்பும் வீட்டில் இரண்டு மணித்தியாலப் படிப்பும், அப்படிக் கிட்டத்தட்ட 15 வாரம் போனால் ஒரு கிரெடிட், ஏறத்தாழ 45 மணித்தியாலம்.

இனி முழுநேரமாக ஒரு வருடம் படித்தால் எத்தனை மூடை வரும் என்று பாருங்கள். இங்கிலாந்தில் 120. ஐரோப்பாவில் 60. அமெரிக்காவில் 30. இலங்கையில்? அதுவும் 30! இந்த இடத்தில் நான் நாற்காலியில் இருந்து எழும்பிவிட்டேன். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இருக்கிற பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்த பிள்ளையின் 30 கிரெடிட், எண்ணிக்கை அளவில் அமெரிக்க 30க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மணிக்கணக்கு அச்சொட்டாக ஒன்றாக வராது. ஆனால் மதிப்பீடு செய்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது "இது எத்தனை வருட முழுநேரப் படிப்பு" என்பதைத்தான்.

இப்போது தம்பியின் கணக்கைப் போடுவோம். அவன் படித்தது இங்கிலாந்து முறை எச்என்டி. 240 என்றால் இரண்டு வருடம். அமெரிக்கக் கணக்கில் நான்கால் வகுத்தால் 60. டிகிரிக்கு 120 வேண்டும், ஆகவே பாதி. இங்கிலாந்திலோ டிகிரிக்கு 360 வேண்டும், அவனிடம் 240 இருக்கிறது, ஆகவே மூன்றில் இரண்டு. அதனால்தான் எச்என்டி முடித்த பிள்ளைகள் இங்கிலாந்து டிகிரியின் கடைசி வருடத்தில் நேரே போய்ச் சேருகிறார்கள், டொப்-அப் என்று நம்ம ஊர் விளம்பரப் பலகைகளில் பார்க்கிறீர்களே, அது இதுதான்.

தம்பி, 60 என்றதும் முகம் வாடியிருக்கும். வாடாதே. இரண்டு வருடம் அப்படியே உன் கையில் இருக்கிறது. அந்த 60ஐயும் அவர்கள் முழுதாக எடுப்பார்களா என்பதுதான் இனி நாம் சண்டை பிடிக்க வேண்டிய இடம்.

இங்கேதான் பெரிய பொறி. கல்லூரி உங்கள் பாடத்தை "ஏற்றுக்கொண்டோம்" என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீங்கள் படித்த டேட்டாபேஸ் பாடம் அவர்களுடைய டேட்டாபேஸ் பாடத்துக்குச் சமம், திரும்பப் படிக்க வேண்டாம். மற்றது, உங்கள் பாடம் சும்மா விருப்பப் பாடமாகக் கணக்கில் சேர்ந்தது, கட்டாயப் பாடத்தை நீங்கள் முதலில் இருந்து படிக்கத்தான் வேண்டும். இரண்டிலும் எண் ஒன்றுதான் கூடும். ஆனால் இரண்டாவது வகையில் உங்கள் டிகிரிக் காலம் குறையாமலே போகலாம்! 60 கிரெடிட் ஏற்றார்கள் என்று சந்தோசமாகப் போய், அங்கே இன்னும் மூன்றரை வருடம் இருக்கிற பிள்ளைகள் உண்டு.

அதனால் என் அபிப்பிராயம் இது, கடுமையாகவே சொல்கிறேன்: அனுமதிக் கடிதம் வந்த உடனே முற்பணம் கட்டாதீர்கள். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்குச் சமமாக ஏற்கப்பட்டது என்ற மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டும் முன்பு கேட்டால் பதில் சுறுசுறுப்பாக வரும்.

இன்னும் சில விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் சி தரத்துக்குக் கீழே எடுத்த பாடத்தைப் புதுக் கல்லூரி ஏற்காது. கிரெடிட் உங்களோடு வரும், ஜிபிஏ என்கிற சராசரிப் புள்ளி பொதுவாக வராது, புது இடத்தில் அது புதிதாகத் தொடங்கும். எவ்வளவு கொண்டு வந்தாலும் கடைசியில் குறைந்தது 30 கிரெடிட்டாவது தங்களிடம் படிக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும், சில இடங்களில் பாதி டிகிரியே கேட்பார்கள்.

இப்போது உறை.

[திரையில்: பழுப்பு நிற நீள உறை, நெருக்கமாக]

இதைப் பாருங்கள். மடிப்பு ஒட்டியிருக்கிற இடத்தில் ஊதா நிற முத்திரை. முத்திரையின் பாதி மடிப்பில், பாதி உறையில். மேலே ஒரு கையெழுத்து, அதுவும் மடிப்பைக் கடந்து போகிறது. உறையைத் திறந்தால் முத்திரை இரண்டாகப் பிரிந்துவிடும். பிறகு எவ்வளவு பசை போட்டாலும் அந்த ஊதா வட்டம் சேராது.

உள்ளே இருப்பது என் தங்கச்சியின் ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது எந்தப் பாடத்தில் என்ன தரம் என்று கல்லூரி தருகிற பெறுபேற்றுத் தாள். இது இரண்டாவது பிரதி. முதலாவது பிரதி வீட்டுக்கு வந்த அன்று தங்கச்சி வெளியே போயிருந்தாள். அம்மா மரக்கறி வெட்டுகிற கத்தியால் உறையை அழகாக வெட்டினார். பெறுபேற்றைப் பார்த்தார், கண் கலங்கினார், நேரே சந்திக் கடைக்குக் கொண்டு போய் லமினேட் பண்ணிவிட்டார். தங்கச்சி வந்து பார்த்துவிட்டு அப்படியே படியில் இருந்துவிட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் மகள், மழையில நனையாம இருக்கட்டும் எண்டுதானே செய்தன்?" வெள்ளத்தில் ஒரு தரம் சான்றிதழ்களைப் பறிகொடுத்த வீடு எங்களது. அந்தக் கை அப்படித்தான் செய்யும். அம்மா மேல் எங்கள் யாருக்கும் கோபம் வரவில்லை. ஆனால் புதுப் பிரதி எடுக்க ஐந்து வாரம் போனது, ஒரு பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதியும் போனது.

திறந்த உறையை அதிகாரபூர்வ ட்ரான்ஸ்கிரிப்ட் என்று அவர்கள் ஏற்க மாட்டார்கள். முடிந்தால் உங்கள் கல்லூரிப் பதிவாளரிடம் இருந்து நேரடியாகவே அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்குப் பார்ப்பதற்கு என்று தனியாக ஒரு பிரதி எடுங்கள், அதை வேண்டுமானால் லமினேட் பண்ணலாம்.

வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்று கல்லூரியிடம் முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு "பாடம் பாடமாக" மதிப்பிடும் அறிக்கையை எடுங்கள். மலிவு என்று பொது அறிக்கை எடுத்தால் பாடங்களின் விபரம் அதில் இருக்காது, திரும்பவும் பணம் கட்ட வேண்டி வரும்.

ட்ரான்ஸ்கிரிப்டை விட ஒரு படி மேலே நான் வைப்பது பாடத்திட்டத் தாள். ஒவ்வொரு பாடத்திலும் வாரம் வாரமாக என்ன படிப்பித்தார்கள், எந்தப் புத்தகம், எத்தனை மணித்தியாலம், எப்படிப் பரீட்சை. "டேட்டாபேஸ் - ஏ" என்று மட்டும் பார்த்தால் அங்கே இருக்கும் விரிவுரையாளர் எதை வைத்துச் சமம் என்று சொல்வார்? தங்கச்சி படித்த நிறுவனத்தில் இதைக் கேட்கப் போனபோது கட்டடம் மாறியிருந்தது, பழைய கோப்பு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி முதல் வகுப்பில் கொடுத்த தாள்களை ஒன்றுவிடாமல் ஃபைலில் கோத்து வைத்திருந்தாள், காத்தான்குடியில் இருந்து ஆட்டோவில் கொண்டு வந்து தந்தாள். அந்த ஃபைல்தான் தங்கச்சிக்கு ஆறு பாடத்தைக் காப்பாற்றியது. படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, இந்தத் தாள்களை இன்றைக்கே சேர்த்து வையுங்கள். தமிழ் மொழி மூலம் படித்தவர்கள் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை பற்றி ஒரு வார்த்தை. "ஏன் மாறுகிறீர்கள்" என்று கேட்பார்கள். படித்த இடத்தைத் திட்டி எழுதாதீர்கள். அங்கே எதைக் கற்றீர்கள், அதற்கு அடுத்தது எது, அது ஏன் இந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். சிபாரிசுக் கடிதத்துக்குப் பள்ளிக்கூட ஆசிரியரை விட இப்போது படிப்பிக்கும் விரிவுரையாளரிடம் போங்கள், உங்கள் பெயர் தெரிந்தவரிடம்.

தேதிகள்: கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அக்டோபரில் திறந்து நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்க வாக்கில் முடியும். தனியார் பல்கலைக்கழகங்கள் பல மார்ச் மாதத்தில் முடிக்கின்றன. அந்தந்த வருடத் தேதியை அவர்களின் தளத்திலேயே பாருங்கள்.

பணம். வெளிநாட்டு ட்ரான்ஸ்பர் மாணவருக்கு உதவித்தொகை முதலாம் வருட மாணவரை விடக் குறைவாகத்தான் கிடைக்கும். விசாவுக்கான ஐ-20 படிவம் தரும் முன் முதல் வருடச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். காணியை ஈடு வைக்கும் முன் அந்தத் தொகை எவ்வளவு என்று முதலில் கேட்டு வாங்குங்கள். "நூறு வீதம் கிரெடிட் மாற்றித் தருகிறோம்" என்று ஒரு முகவர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

கல்முனைத் தம்பி, உனக்கு மூன்று வேலை. உன் எச்என்டியில் எத்தனை பாடமோ அத்தனைக்கும் பாடத்திட்டத் தாள் எடு. நீ பார்த்து வைத்திருக்கிற இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் மின்னஞ்சல் போட்டு, இங்கிலாந்து முறை எச்என்டிக்கு எத்தனை கிரெடிட் வரை எடுப்பார்கள் என்று கேள். பதில் வந்ததும் எனக்கு அனுப்பு. உனக்குச் சம்மதம் என்றால் அடுத்த வீடியோவில் உன் பாடங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டு, எது கட்டாயப் பாடமாகப் போகும், எது சும்மா எண்ணிக்கைக்குப் போகும் என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். மற்றவர்கள் நீங்கள் எங்கே, எத்தனை கிரெடிட் வரை படித்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், எந்த நாட்டு மூடை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

[திரையில்: உறை மேசையில் திறக்காமல் கிடக்கிறது]