மருந்தை மோப்பம் பிடிக்கும் ஈரல்

நேயர்களுக்கு வணக்கம்.

காசநோய்க்கு மாத்திரை தொடங்கியவர்கள் ஓரிரு நாளிலேயே பதறிப்போய்க் கேட்பது ஒன்று உண்டு: "சிறுநீர் செக்கச்செவேலென்று போகிறதே, ரத்தமா?" ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது, பயப்பட வேண்டாம். அதே மாத்திரை ஈரலுக்குள் இன்னொரு வேலையும் செய்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது.

1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், ரிஃபாம்பிசின் சாப்பிட்டுவந்த பெண்களில் சிலருக்கு, கருத்தடை மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் இடையிடையே உதிரப்போக்கு ஏற்பட்டது. சிலர் கருவுற்றும் விட்டார்கள். கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை ஈரல் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துத் தள்ளியிருந்தது. ஈரலுக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது? தெளிவான விடை 1998இல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் ஸ்டீவன் கிளீவர் குழுவும் ரொனால்ட் எவான்ஸ் குழுவும் பி.எக்ஸ்.ஆர். என்ற உட்கரு ஏற்பியை அடையாளம் கண்டன.

உட்கரு ஏற்பி என்பது உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு புரதம். அதற்குரிய வேதிப்பொருள் வந்து ஒட்டியதும், அது டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு குறிப்பிட்ட சில மரபணுக்களை முடுக்கிவிடும். மனித உடலில் இந்தக் குடும்பத்தில் 48 பேர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, தைராய்டு ஏற்பி, வைட்டமின் டி ஏற்பி எல்லாம் இவற்றின் உறவினர்கள்தாம். ஹார்மோன் ஏற்பிகள் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, ஒருவருக்குத்தான் பொருந்தும். பி.எக்ஸ்.ஆரின் உட்குழிவோ பெரியது, வளைந்தும் கொடுக்கும். அதனால் உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ மருந்துகளும் மூலிகைச் சத்துகளும் அதில் போய் அமர்ந்துகொள்கின்றன. உடனே ஈரல் சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதியை அதிகமாகச் சுரக்கத் தொடங்குகிறது. நாம் சாப்பிடும் மருந்துகளில் ஏறக்குறைய பாதியை உடைப்பது இந்த ஒரு நொதி.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது வருகிறது. பி.எக்ஸ்.ஆருக்கு மருந்து எது, நஞ்சு எது என்று தெரியாது. ரிஃபாம்பிசின் வந்தால் கருத்தடை மாத்திரை மட்டுமல்ல, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாமே சீக்கிரம் கரைந்துபோகும். எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர் எடுப்பவருக்குக் காசநோயும் வந்தால், நாளுக்கு ஒரு வேளை 50 மில்லிகிராம் என்பதை இரண்டு வேளையாக்குகிறார்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இந்த வேகம் தணிய இரண்டு வாரம்போல ஆகும். ஆகவே "ஈரலைச் சுத்தப்படுத்தும், நச்சை வெளியேற்றும்" என்று விற்கிற கஷாயங்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஈரல் வேகமாக உடைப்பது எப்போதும் நன்மை என்று யார் சொன்னது?

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். உரிய அளவில் நல்ல மருந்து. அளவு மீறினால் ஈரலைக் கொல்வது அந்த மாத்திரை நேரடியாக அல்ல, ஈரலின் நொதிகளே அதை உடைத்து உண்டாக்கும் ஒரு துணைப்பொருள். சி.ஏ.ஆர். என்று பி.எக்ஸ்.ஆருக்கு ஒரு பங்காளி உண்டு, அதுவும் ஈரலின் நொதிகளை முடுக்கிவிடும் உட்கரு ஏற்பிதான். அந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு மிகையான பாராசிட்டமாலைக் கொடுத்தபோது ஈரல் பாதிப்பு குறைந்ததை 2002இல் காட்டினார்கள்.

இதே சி.ஏ.ஆர். புற்றுநோய்க் கதையிலும் வருகிறது. வலிப்புக்குத் தரும் பினோபார்பிட்டோன், நம் ஊரில் கார்டினால் என்றால் புரியும், 1912 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எலிக்கு நீண்டகாலம் கொடுத்தால் ஈரலில் கட்டி வளர்கிறது. சி.ஏ.ஆர். இல்லாத எலிக்கு அப்படி வளர்வதில்லை என்று 2004இல் தெரிந்தது. ஆனால் பல்லாண்டுகள் இந்த மாத்திரை சாப்பிட்ட மனிதர்களிடம் ஈரல் புற்றுநோய் அப்படி அதிகமாகத் தென்படவில்லை. எலியின் ஏற்பியும் நம்முடையதும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. ரிஃபாம்பிசினே கூட மனித பி.எக்ஸ்.ஆரைத்தான் நன்றாகத் தூண்டும், எலியினுடையதைத் தூண்டாது. எனவே கார்டினால் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்ப வருவதே பெரிய ஆபத்து.

எஃப்.எக்ஸ்.ஆர். என்ற இன்னொரு உட்கரு ஏற்பியின் கதை இதற்கு நேர்மாறு. பித்த அமிலம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. அது இல்லாத எலிகளுக்கு, புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எதுவும் கொடுக்காமலே, ஒரு வயதைத் தாண்டியதும் ஈரலில் கட்டிகள் வந்துவிடுகின்றன. தேங்கிய பித்தம் ஈரலை ஓயாமல் அரிப்பதுதான் முக்கியக் காரணம்.

மனிதர்களின் ஈரல் புற்றுநோய்க்கு வருவோம். 2022இல் உலகில் சுமார் 7.6 லட்சம் பேரைக் கொன்ற நோய் இது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கொழுப்பு படிந்த ஈரல் ஆகியவற்றோடு அஃப்ளடாக்சினும் காரணம். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூக்கும் பூஞ்சையின் நஞ்சு இது. வயிற்றுக்குள் போகும்போது இது மரபணுவைத் தொடுவதில்லை. ஈரலின் சி.ஒய்.பி. நொதிகள், அவற்றில் நாம் பார்த்த 3ஏ4உம் ஒன்று, அதை மாற்றிய பிறகே டி.என்.ஏ.வில் போய் ஒட்டுகிறது. பி53 என்ற காவல் மரபணுவில் 249ஆம் இடத்தில் அது விட்டுச்செல்லும் பிழையை, கட்டியை ஆராயும்போது அடையாளம் காண முடிகிறது. ஹெபடைடிஸ் பி கிருமியும் உடலில் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடலாம், அரசு மருத்துவமனையில் இலவசம். கடலை உரிக்கும்போது சுருங்கியது, நிறம் மங்கியது, பச்சைப் பொடி படர்ந்தது என்று கண்ணில் பட்டால் எறிந்துவிடுங்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.