அருவிக்கரையில் இவ்வளவு போலீஸ் இருந்தும் ஏன் திருட்டு?

தென்காசி நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாரல் சீசனில் குற்றாலத்தில் திரும்பின பக்கமெல்லாம் போலீஸ். அப்படியும் செயின், செல்போன் போகிறதே, ஏன்?" ரெண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பழைய வீடியோக்களில் சொன்னதுதான். சீசனுக்குப் போலீஸ் எண்ணிக்கை கூடுவதில்லை, மற்ற ஸ்டேஷன்களில் இருப்பவர்களைத்தான் இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்கும் அருவிக்கரையில் முதல் வேலை தண்ணீரைப் பார்ப்பது. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. மலைமேல் பெய்கிற மழை கீழே குளிக்கிறவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவி இரைச்சலில் விசில் காதில் விழாது. ஏட்டையா ஒருவர் சட்டையோடு நனைந்து, லத்தியால் கம்பியைத் தட்டி, ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு வெளியேற்றியதைப் பார்த்திருக்கிறேன். சோப்பு, ஷாம்பூ, எண்ணெய்க்கு நீதிமன்றத் தடை இருக்கிறது. அதையும் அவரே பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் உங்கள் செல்போனை அவர் எங்கே பார்ப்பது?

என் மச்சினன் ஒருமுறை மோதிரத்தைத் தொலைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனான். "திருட்டா, தண்ணியில நழுவினதா?" என்று கேட்டார் எழுத்தர். இவன் முழித்தான். "சரி, திருட்டுன்னே வைங்க. கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வருவீங்களா?" அதற்கும் முழித்தான். ராத்திரியே பஸ் ஏறிவிட்டோம். சீசன் ஊர்களில் வழக்கு நடத்துவது சிரமமாவதே இதனால்தான், புகார் கொடுத்தவர் ஊரில் இருக்க மாட்டார். நிஜமாகத் திருட்டு என்றால் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே புகார் கொடுங்கள். சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்ஐஆர் போட்டு, திருட்டு நடந்த ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள்.

ஆனால் நேயர் இதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்: அந்த ஏட்டையா விட்டுவிட்டு வந்த ஸ்டேஷனில் ராத்திரி ரோந்து யார் போகிறார்? மிச்சமிருக்கிற ரெண்டு மூணு பேர்தான். வந்தவருக்கும் அருவி புதுசு. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால் ஆளைக் கிளப்ப வேண்டும் என்பதைப் பஜ்ஜிக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். அது பழகுவதற்குள் ஆகஸ்ட் முடிந்துவிடும். அப்புறம் கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், மறுபடியும் பந்தோபஸ்து. இந்தத் தடவை வேறு ஏட்டையா.