குதிரை மிதித்தால் எத்தனை நாள் லீவு?

வணக்கம் நேயர்களே. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில் குதிரையைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். ஈப்போ பக்கம்தானே. அங்கே பந்தயத் திடல் இருக்கிறது, லாயங்கள் இருக்கின்றன. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் அங்கே வேலைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் காத்திருக்கும் அம்மாமார்களுக்கும்தான் இந்தப் பேச்சு.

பெரிய விபத்தை விடுங்கள். கால் முறிந்தால் ஆஸ்பத்திரியில் அவர்களே படுக்க வைத்துவிடுவார்கள். நான் சொல்வது சின்னக் காயத்தை. குதிரை பாதத்தை மிதித்துவிட்டது, கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது, கணுக்கால் பிசகிவிட்டது. நடக்க முடிகிறதே என்று மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறோம்.

சுளுக்கோடு பால்வெட்டப் போனால் மரம் நம்மை ஒன்றும் செய்யாது. குதிரை அப்படியா? பந்தயக் குதிரை 450, 500 கிலோ இருக்கும். ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் போதும், பக்கவாட்டில் துள்ளிவிடும். அதை இழுத்து நிறுத்தும் பலம் எந்த மனிதனுக்கும் கிடையாது. சட்டென்று விலகத் தெரிந்ததால்தான் நாம் பிழைக்கிறோம். அந்த வேகம் திரும்பும்வரை லீவு எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. வலி இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி.

குதிரையை நடத்திப் போகும்போது அதன் இடப்பக்கம் நடக்கிறோம், கயிறு நம் வலது கையில். ஆகவே அதன் குளம்புக்குப் பக்கத்தில் இருப்பது நம் வலது கால், மிதிபடுவதும் பெரும்பாலும் அதுதான். அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடப்பவன் தன்னை அறியாமலே ஓர் அடி, இரண்டடி பின்தங்குவான். அப்படியே பின்னங்கால் எட்டும் இடத்துக்குப் போய்விடுவான். கை வலிப்பவன் பிடி நழுவாமல் இருக்கட்டும் என்று கயிற்றை விரலில் சுற்றிக்கொள்வான். குதிரை மிரண்டு ஓடினால் விரலே போய்விடும்.

பெனடோல் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அது வலியை மறைக்கும், பிசகை ஆற்றாது. முதல் இரண்டு நாள் ஐஸ் வையுங்கள். பாட்டி தைலத்தோடு வந்தால் பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள், வீங்கிய இடத்தை உடனே அழுத்தித் தேய்த்தால் வீக்கம்தான் கூடும். தலையில் அடி என்றால் மயக்கம் வராவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள். தலைசுற்றலோ வாந்தியோ இருக்கும்வரை குதிரை ஏறவே கூடாது. அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

"நான் போகாவிட்டால் யார் தீனி போடுவது?" என்பார்கள். உண்மையான கவலை சம்பளம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு உண்டு. ஐந்து ஆண்டு தாண்டியவருக்கு 22 நாள். வேலையில் பட்ட காயத்துக்கு, விபத்து நடந்த நாளையும் சேர்த்து 4 நாளாவது எம்.சி. கிடைத்தால், சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கோரலாம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு முதலில் நீங்கள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமே! "சும்மா லேசாத்தான் மிதிச்சது" என்று விட்டுவிட்டு, மூன்று வாரம் கழித்து வீங்கிய காலோடு போய் நின்றால் எதைக் காட்டி நிரூபிப்பது?

திரும்பிப் போகும்போதும் படிப்படியாகப் போங்கள். குதிரைக்குக் கால் தசைநார் வீங்கினால் முதலில் கையில் பிடித்து நடக்கவிடுகிறோம், அப்புறம்தான் ஓட்டம். நமக்கும் அதுவே சரி. முதலில் தீனி கலப்பது, கூட்டுவது. அப்புறம் சாதுவான கிழட்டுக் குதிரை. துள்ளும் குட்டியும் சவாரியும் கடைசியில். அடிபட்ட காலில் மட்டும் நின்று, அதை ஊன்றிப் பக்கவாட்டில் தாவிப் பாருங்கள். முகம் சுளித்தால் இன்னும் நாள் ஆகவில்லை.

இன்னொன்று, டெட்டனஸ் கிருமி குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் இருக்கும். தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கடைசியாக எப்போது ஊசி போட்டோம் என்று ஞாபகம் இல்லையென்றால், வீட்டுக்கு வரும் வழியில் கிளினிக்கில் நிறுத்திக் கேட்டுவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.