திடலைத் திறந்துவிடுங்கள்

பேரூராட்சித் தலைவர் அவர்களே, பந்தோபஸ்து வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் ஆய்வாளர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய டாக்டர் அம்மா அவர்களே, பந்தலும் மைக்கும் காசு வாங்காமல் போட்டுக்கொடுத்த தம்பி (அவருக்கு ஒரு கைதட்டல்), பின்வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்களே, வணக்கம். கொடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு இதற்கே போய்விட்டது.

இந்தப் போதை ஒழிப்புக் கூட்டத்துக்கு மூன்று விஷயம் எழுதி வந்தேன். புகையிலைப் பொட்டலம், வலி மாத்திரை, சாராயம்.

முதலில் பொட்டலம். நான் முப்பது வருடம் விசில் ஊதிய பி.டி. வாத்தியார். வாலிபால் டீமில் ஒரு பையன், நெட்டுக்கு மேலே முழங்கை தெரிய எழும்புவான். திடீரென்று ஆட்டத்தில் வாயே திறப்பதில்லை, பந்து தனக்கு என்று கத்துவதில்லை, பக்கத்திலிருப்பவனோடு முட்டிக்கொள்கிறான். கூப்பிட்டுப் பார்த்தால் கீழுதடு வீங்கியிருக்கிறது. "பல்வலி சார்." சரி என்று கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தேன், வீட்டுக்காரம்மா தினமும் பிளாஸ்கில் உப்புவெந்நீர் கொடுத்தனுப்பினார். இரண்டு வாரம் இந்த வைத்தியம். ஒருநாள் நெட் கட்டும்போது கம்பத்தின் பின்பக்கம் கையில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. தபால்தலை அளவில் ஈரப் பொட்டலங்கள், உதட்டுக்குள் அடக்கிவைக்கிற புகையிலை, வரிசையாக. எண்ணினேன், பதினொன்று! கேட்டால், "ஆறாங்கிளாஸ்ல இருந்து சார். ஆனா உங்க தைலம் ரொம்ப நல்லா இருந்துச்சு சார், அது வச்ச எடத்துல எரிச்சலே தெரியல."

அடிக்கவில்லை. காலை ஐந்தரைக்கு வா, சாயங்காலம் வெளிச்சம் போகிறவரை என் கண்முன்னால் நில் என்றேன். எட்டு மாதம். நடுவில் இரண்டு முறை வழுக்கினான், மறைக்காமல் வந்து சொன்னான். இப்போது இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான், பேர் சொல்ல மாட்டேன், சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருப்பேன், ஞாபகமிருக்கும். பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. மதுக்கடைக்கும் தூரக் கணக்கு உண்டு, நகராட்சி என்றால் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100. 21 வயது ஆகாதவனுக்கு விற்கவும் கூடாது. எல்லாம் சரிதான், பையனிடம் சைக்கிள் இருக்கிறதே!

கள்ளக்குறிச்சி ஞாபகமிருக்கிறதா? 2024 ஜூன். மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல் கொண்டுபோனது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைத்தான் பறிக்கும். செத்த பிறகு ஊர் ஊராக ரெய்டு போனார்கள். தும்பு போய்விட்டது, வால் மட்டும் கையில். மாத்திரையைப் பற்றி டாக்டர் அம்மா சொல்லிவிட்டார், நான் விட்டுவிடுகிறேன். விடமுடியாமல் தவிக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது நான் வந்த வேலை. நம் திடலில் பாதியைச் சந்தை வண்டிகள் பிடித்துக்கொண்டன, மீதியில் சாக்கடை வேலைக்குக் கொட்டிய ஜல்லி கிடக்கிறது, ஐந்து மணிக்கே கேட்டைப் பூட்டுகிறார்கள். ஐந்திலிருந்து எட்டு வரை பதினைந்து வயதுப் பையன் எங்கே போவான்? பாலத்தடிக்குத்தான் போகிறான். தலைவர் ஐயா, தும்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. இரண்டு விளக்கு, எட்டு மணி வரை திறந்த கேட், இவ்வளவுதான் கேட்கிறோம். நெட்டை நானே வாங்கிவிட்டேன், கட்டத்தான் இடமில்லை.

கையெழுத்து நோட்டு டீ பாய்லர் பக்கத்தில் வைத்திருக்கிறது. நூலில் கட்டிய பேனா என்னுடையது, போகும்போது கழற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.